ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்துவதற்கு முன்

2024 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் அமெரிக்காவில், இணையம் வழியாகப் படம் காட்டும் ரோக்கு டிவி, ரோக்கு ஸ்டிக் வைத்திருந்தவர்கள் ரிமோட்டை எடுத்தால் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நின்றது. தகராறு தீர்க்கும் விதிகளை மாற்றிவிட்டோம், ஒப்புக்கொள்ளுங்கள் என்றது. ஒப்புக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. மறுக்கப் பொத்தான் இல்லை. அழுத்தாதவரை அந்தத் திரையைத் தாண்டவும் முடியவில்லை. புது விதியின் சாரம் இதுதான்: கம்பெனியோடு தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போகக்கூடாது, தனியார் நடுவரிடம் போக வேண்டும், பலர் சேர்ந்து ஒரே வழக்காகவும் போடக்கூடாது. இது வேண்டாம் என்பவர்கள் 30 நாளுக்குள் கம்பெனியின் தலைமைச் சட்ட அதிகாரிக்குத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். அதில் பெயர், தொடர்பு விவரம், எந்த மாடல், கணக்கு தொடங்கிய மின்னஞ்சல், பில் இருந்தால் அதன் நகல் எல்லாம் இருக்க வேண்டும். ஏற்றுக்கொள்ள ஒரு அழுத்து, மறுக்க உறையும் தபால்தலையும்.

காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டிய பொருள் இது. விற்றுமுடித்த பிறகு விற்றவர் வந்து நிபந்தனையை மாற்றுவதும், ஏற்காவிட்டால் பொருளையே முடக்குவதும் சம்மதம் கேட்பதாகாது. பணயம் வைப்பது. இதை நாகரிகமான வார்த்தையில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ரோக்கு தனி ஆள் அல்ல. 2017 ஆகஸ்டில் சோனோஸ் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது, ஏற்காதவர்களுக்கு அப்டேட் வராது, போகப்போக ஸ்பீக்கர் வேலை செய்யாமலும் போகலாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. 2020 மே மாதம், வீட்டுக் கருவிகளைப் போனிலிருந்து இயக்க உதவும் விங்க் ஹப் என்ற பெட்டியை வைத்திருந்தவர்களுக்கு, மாதம் 4.99 டாலர் கட்டாவிட்டால் ஆப்பிலிருந்து எதையும் இயக்க முடியாது என்று ஒரு வார அவகாசத்தில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில், போனிலிருந்து இயக்கும் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளைத் தயாரிக்கும் சிக்னிஃபை, இனி ஆப்பைப் பயன்படுத்தக் கணக்குத் தொடங்கி லாகின் செய்தாக வேண்டும் என்று அறிவித்தது. அதுவரை கணக்கே இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த விளக்குகள் அவை. 2025 மார்ச் 28 முதல், குரலால் இயக்கும் ஸ்பீக்கரான அமேசான் எக்கோவில், குரல்பதிவை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே கையாளும் வசதி நீக்கப்பட்டது. எக்கோ டாட் நான்காம் தலைமுறை, எக்கோ ஷோ 10, எக்கோ ஷோ 15 ஆகிய மூன்றில்தான், அதுவும் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் மட்டும்தான் அந்த வசதி இருந்தது. அதற்காகவே அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தவர் இருந்திருந்தால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இவர்களுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? சட்டத்திலிருந்து இல்லை, வயரிங்கிலிருந்து. நீங்கள் ஹாலில் உட்கார்ந்து போனில் பல்பைத் தட்டுகிறீர்கள். அந்தக் கட்டளை நேராகப் பல்புக்குப் போகிறதா, வேறு நாட்டிலிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறதா? இரண்டாவது வகையென்றால் ஒப்புக்கொள்ளும் பக்கம் உங்களுக்கும் உங்கள் பல்புக்கும் நடுவே நிற்கிறது. முதல் வகையென்றால் அவர்கள் ஆப்பைத்தான் பூட்ட முடியும், பல்பைப் பூட்ட முடியாது.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ரூட்டரை அணைக்காதீர்கள், அணைத்தால் வீட்டு வைஃபையும் சேர்ந்து போய்விடும், சோதனை பொய்யாகிவிடும். ரூட்டருக்கு இணையம் கொண்டுவரும் வயரை மட்டும் கழற்றுங்கள். ஃபைபர் இணைப்பில் ரூட்டரும் மோடமும் ஒரே பெட்டியாக இருந்தால் அந்த மெல்லிய ஃபைபர் வயரை மடக்காமல், முனையைத் தொடாமல் கழற்ற வேண்டும். பழக்கமில்லை என்றால் வயரைத் தொடாமல் ரூட்டரின் செட்டிங்கில் வெளி இணைப்பைத் துண்டியுங்கள். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் போன் சத்தமில்லாமல் டேட்டா வழியாகச் சர்வரைப் பிடித்துக்கொள்ளும், எல்லாம் வேலை செய்வதுபோலத் தெரியும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு ஆப்பை முழுவதும் மூடித் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சுவர் சுவிட்ச், ரிமோட், ஏற்கெனவே போட்ட நேர அட்டவணை, அசைவு சென்சார் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆப் திறக்காது, ஆனால் ரிமோட் வேலை செய்யும் என்ற நிலை நிறைய வரும். அது நல்ல செய்தி.

ஹியூ இந்த நல்ல வகையைச் சேர்ந்தது. ஹியூ பல்புகள் வைஃபை பேசுவதில்லை. ஜிக்பீ என்ற குறைந்த சக்தி ரேடியோவில் பிரிட்ஜ் என்ற சதுரப் பெட்டியோடு பேசுகின்றன. அட்டவணையும் சென்சார் விதியும் பிரிட்ஜுக்குள்ளேயே ஓடுகின்றன. அந்தப் பிரிட்ஜ் வீட்டு நெட்வொர்க்குக்குள் வேறு மென்பொருள்களும் பேசக்கூடிய வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே லாகின் கட்டாயம் என்றால் ஆப்பைத்தான் விட வேண்டும், விளக்கை விட வேண்டியதில்லை.

விடுவதற்கு இரண்டு வழி. எளியது, பிரிட்ஜை அப்படியே வைத்துக்கொண்டு ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளிடம் கட்டுப்பாட்டைக் கொடுப்பது. ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி, பழைய மினி கணினி, ஏன், நல்ல நிலையில் இருக்கும் பழைய லேப்டாப்பும் போதும். அதே ரூட்டரில் கேபிளால் இணைத்தால் ஹோம் அசிஸ்டன்ட் பிரிட்ஜைத் தானே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் பிரிட்ஜின் நடுவிலிருக்கும் பெரிய வட்டப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, அரை நிமிடத்துக்குள் திரையில் உறுதி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் பிரிட்ஜ் ஒரு சாவியைக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு கணக்கோ, லாகினோ, இணையமோ தேவையில்லை. வீட்டுக்குள் நிற்கும் ஆள்தான் பொத்தானை அழுத்த முடியும் என்பதே இங்கே பாதுகாப்பு. கணக்கு தொடங்கினால்தான் பாதுகாப்பு என்று சொல்கிறவர்கள் இந்தப் பொத்தானைக் கொஞ்சம் யோசிக்கலாம். ரூட்டரில் பிரிட்ஜுக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, இணைப்பு அறுந்ததுபோலக் காட்டும்.

ராஸ்பெரி பையில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெமரி கார்டில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால் அது தேய்ந்து ஒருநாள் மொத்தமாகப் போகும். எஸ்எஸ்டி என்ற சிறிய சேமிப்புக் கருவி ஒன்றில் போடுங்கள். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரக்கூடிய முறையான அடாப்டர் வேண்டும். கிடைத்த போன் சார்ஜரைச் செருகினால் லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கி ஃபைல்கள் கெடும். பழியை மென்பொருள் மேல் போடுவோம். ரூட்டருக்கு விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸில் ரூட்டர் மட்டும்தான் ஓடும். பை தனியாக அணைந்தால் தானியங்கி விதிகளும் அணையும். ஆகவே இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் பையையும் பிரிட்ஜையும் சேர்த்து மாட்டுவதே நல்லது.

இரண்டாவது வழி, பிரிட்ஜையே கழற்றிவிட்டு கணினியின் யுஎஸ்பியில் செருகும் ஜிக்பீ ரேடியோ (டாங்கிள்) ஒன்றை வைத்துப் பல்புகளை நேராகச் சேர்ப்பது. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அவசரமே காரணம்.

டாங்கிளை நேராகக் கணினியின் பின்னால் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய எஸ்எஸ்டியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். ஜிக்பீ அதே பகுதியில்தான் பேசுகிறது. டாங்கிளை யுஎஸ்பி 2.0 போர்ட்டில், குறைந்தது அரை மீட்டர் நீட்டிப்பு வயரில் போட்டுக் கணினியை விட்டுத் தள்ளி வையுங்கள். பல்பு சேருகிறது, அடுத்த நாள் காணாமல் போகிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வயரைத்தான். அடுத்து சேனல், அதாவது ரேடியோ பேசும் அலைவரிசை. வைஃபை 1, 6, 11 என்று எந்த சேனலில் இருக்கிறதோ அதற்கு விலகி ஜிக்பீயை வையுங்கள். வைஃபை 1-ல் இருந்தால் ஜிக்பீ 20 அல்லது 25. வைஃபை 11-ல் இருந்தால் ஜிக்பீ 11 அல்லது 15. ரூட்டரில் தானியங்கி சேனல் தேர்வை அணைத்துவிட்டு ஒரு சேனலில் நிறுத்தி வைக்காவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஜிக்பீ சேனலை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எல்லாம் சேர்த்த பிறகு மாற்றினால் சில கருவிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டிவரும்.

பல்பை மாற்றும்போது பிரிட்ஜை முதலில் பிடுங்கி எறியக்கூடாது. ஹியூ ஆப்பிலிருந்து அந்தப் பல்பை நீக்கினால் அது தானாக ரீசெட் ஆகிப் புது நெட்வொர்க்கைத் தேடத் தொடங்கும். அப்போது டாங்கிள் பக்கம் சேர்க்கும் அனுமதியைத் திறந்து வைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் வந்து உட்காரும். பிரிட்ஜை முதலிலேயே கழற்றிவிட்டால் பல்பு பழைய பிரிட்ஜையே நினைத்துக்கொண்டிருக்கும். சுவிட்சை எத்தனை முறை போட்டு அணைத்தாலும் மறக்காது. அப்படி மாட்டிக்கொண்டால், ஆன், ஆஃப் பொத்தான்கள் தனித்தனியாக உள்ள பழைய ஹியூ டிம்மர் ரிமோட்டைப் பல்புக்கு ஒட்டினாற்போலப் பிடித்து, அந்த இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய பத்து வினாடி அழுத்துங்கள். பல்பு கண்சிமிட்டினால் ரீசெட் ஆகிவிட்டது. பக்கத்துப் பல்புகளை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தவறான பல்பு ரீசெட் ஆகும். ரிமோட் இல்லாதவர்கள், பல்பின் மேல் அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்து சீரியல் நம்பரை ஆப்பில் கொடுத்துப் பிரிட்ஜுக்கே திரும்ப இழுத்து, பிறகு முறையாக நீக்கலாம். பல்பு சூடாக இருக்கும்போது கழற்றாதீர்கள். நம்பர் எழுதியிருப்பது உலோகக் கழுத்துக்குப் பக்கத்தில்.

வரிசை முக்கியம். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் பல்பும் பிளக்கும் மற்ற கருவிகளின் செய்தியைக் கடத்திவிடும். டாங்கிளுக்கு மிக அருகிலிருப்பதில் தொடங்கி வெளிப்பக்கம் போங்கள். பேட்டரியில் ஓடும் அசைவு சென்சாரையும் ரிமோட்டையும் கடைசியில், அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேஜையில் வைத்துச் சேர்த்துவிட்டு மாடிக்குக் கொண்டுபோனால் சில சென்சார்கள் பழைய வழியையே பிடித்துத் தொங்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை நம் வீட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. அறையை விட்டு வரும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வருவோம். அணைந்த பல்பு செய்தியைக் கடத்தாது. நடுவறைப் பல்பை அணைத்ததும் பின்னறை சென்சார் தொடர்பற்றுப் போவது இதனால்தான். சுவர் சுவிட்சுக்கு வருகிற ஃபேஸை எலக்ட்ரீஷியனை வைத்து நேராகப் பல்புக்கே இணைத்துவிட்டு, அந்த இடத்தில் பேட்டரி சுவிட்ச் ஒட்டுவது ஒரு வழி. அதைவிட எளிது, செய்தி கடத்தும் வேலைக்கென்றே ஒன்றிரண்டு ஜிக்பீ பிளக்குகளை யாரும் கைவைக்காத பாயிண்டில் செருகிவைப்பது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சுவிட்ச் எப்போதும் சுவிட்சாகவே வேலை செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இணையம் இல்லாமல் வைத்திருப்பதற்கு விலையும் உண்டு. 2020 பிப்ரவரியில் செக்பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஹியூ பல்பு ஒன்றைக் கைப்பற்றி அதன் வழியாகப் பிரிட்ஜுக்குள்ளும், அங்கிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள்ளும் நுழைய முடியும் என்று காட்டினார்கள். கம்பெனி அதற்கான திருத்தத்தை அப்டேட்டாக அனுப்பியிருந்தது. இணையத்தை நிரந்தரமாக மூடி வைத்த பிரிட்ஜுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. ஆகவே மாதம் ஒருமுறை கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, அப்டேட் முடிந்ததும் மூடுங்கள். திறக்கும் முன் அந்த அப்டேட்டில் எதையாவது பிடுங்கியிருக்கிறார்களா என்று மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தையும் நிபந்தனை மாற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவதுதான் இந்த வியாபாரத்திலேயே எனக்கு மிகவும் ஆத்திரம் வரவைக்கும் விஷயம். பூட்டைச் சரிசெய்ய வந்தவர் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கக்கூடாது.

மலிவான வைஃபை பல்பும் பிளக்கும் வாங்கியவர்கள் நிலை இன்னும் இறுக்கமானது. பெட்டியின் மேல் என்ன பிராண்ட் போட்டிருந்தாலும் அவற்றில் ஏராளமானவை துயா என்ற சீன நிறுவனத்தின் சிப்பிலும் சர்வரிலும் ஓடுபவை. வீட்டுக்குள்ளேயே பேசும் வழி இவற்றிலும் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரகசியச் சாவி வேண்டும். துயாவின் டெவலப்பர் தளத்தில் கணக்கு தொடங்கி, ஆப் கணக்கை அதோடு இணைத்து, டைனிதுயா என்ற சிறு கருவியை ஓட்டினால் சாவிகள் மொத்தமும் கிடைக்கும். அந்த இலவசச் சேவைக்குக் காலவரம்பு உண்டு, அதனால் கிடைத்தவுடன் ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். கருவியை ஆப்பிலிருந்து நீக்கித் திரும்பச் சேர்த்தால் சாவி மாறிவிடும். சேவைக் காலம் முடிந்த பிறகு அப்படிச் செய்தால் திண்டாட்டம்தான். பல கருவிகள் ஒரே நேரத்தில் ஓர் உள்ளூர் இணைப்பைத்தான் ஏற்கும். போனில் ஆப் திறந்திருக்கும்போது ஹோம் அசிஸ்டன்ட்டில் கருவி காணாமல் போவது அதனால்தான்.

இவற்றுக்கு ரூட்டரில் இணையத்தை மூடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடிகாரம். கருவிக்கு நேரம் சொல்வது வெளியே உள்ள சர்வர். மூடிய பிறகு முதல் சில நாள் ஒழுங்காக ஓடும். கரண்ட் போய் வந்ததும் நேரம் தெரியாமல், மோட்டாருக்குப் போட்ட அட்டவணை நள்ளிரவில் ஓடும் அல்லது ஓடவே ஓடாது. அட்டவணையைக் கருவியிலிருந்து எடுத்து ஹோம் அசிஸ்டன்ட்டில் வைத்துவிடுங்கள்.  தண்ணீர் மோட்டார், கீசர் இரண்டையும் 10 ஆம்பியர் வைஃபை பிளக்கில் மாட்டுவதே தப்பு; மாட்டினாலும் அதன் அட்டவணையைப் பிறர் சர்வரிடம் ஒப்படைப்பது அதைவிடத் தப்பு.

சரி, இப்படி மாற்றிக்கொள்வதற்கு முன்பே ஒப்புக்கொள்ளும் பக்கம் வந்து நிற்கிறது என்றால்? அழுத்தாதீர்கள். கடைசிவரை உருட்டி ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரியட்டும். மறுக்கப் பொத்தான் இல்லை என்பது தெரியும் திரைதான் பிறகு மிகப் பெரிய சாட்சி. பழைய விதிமுறையை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடி எடுத்து, இரண்டையும் ஒப்பிடும் தளம் ஒன்றில் போட்டால் மாறிய வரிகள் மட்டும் நிறம் மாறித் தெரியும். ஐம்பது பக்கத்தையும் படிக்க வேண்டாம். ஆங்கில உரையில் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு), கிளாஸ் ஆக்‌ஷன் (பலர் சேர்ந்து போடும் வழக்கு), ஆப்ட் அவுட் (விலகிக்கொள்வது), தேர்ட் பார்ட்டி (மூன்றாம் தரப்பு), சப்ஸ்கிரிப்ஷன் (சந்தா) ஆகிய சொற்களைத் தேடுங்கள். ஆப்ட் அவுட் பக்கத்தில் 30 நாள் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். பழைய ஆப் சர்வர் அனுமதிக்கும்வரைதான் ஓடும். ஆனால் பல்பை முறையாக நீக்கி வேறிடம் மாற்ற அந்த அவகாசம் போதும்.

இந்தியாவில் வாங்கியவர்களுக்குச் சட்டத்தில் பிடி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவு, நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் நியாயமற்ற நிபந்தனையைச் சுமத்தும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை 49(2) மாநில ஆணையத்துக்கும், 59(2) தேசிய ஆணையத்துக்கும் தருகிறது; மாவட்ட ஆணையத்துக்கு அது இல்லை. 2023 நவம்பர் 30 அன்று வந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்பைத் தடை செய்கின்றன, அதில் கட்டாயச் செயல் என்பதும் ஒன்று. அதன் வரையறை வாங்கும் நேரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது, வாங்கி மூன்று வருடம் கழித்து வரும் பக்கத்துக்கு அது நேராகப் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே புகாரில் 2(46)-ஐ முதலில் வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலும் பேசலாம். வழக்காகப் போவதானால் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அந்த நாளை உங்கள் ஸ்கிரீன்ஷாட்தான் நிறுவும். புகாரில் கோபத்தை எழுதாமல் நான்கு விஷயத்தை எழுதுங்கள்: வாங்கிய தேதியும் பில்லும், வாங்கியபோது பெட்டியில் அச்சிட்டிருந்த வசதி, விதிமுறை மாறிய தேதி, ஏற்காததால் எந்த வசதி நின்றது. பெட்டியைக் குப்பையில் போட்டவர்கள் விற்ற இணையதளத்தின் பொருள் பக்கத்தைப் பிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள், விற்பனை நின்றதும் அந்தப் பக்கம் மாறிவிடும்.

புதிதாக வாங்குகிறவர்கள் மேட்டர் என்ற பொதுத் தரத்தின் சின்னம் பார்த்து வாங்கினால் ஓரளவு தப்பிக்கலாம். 2022-ல் வந்த அந்தத் தரம் வீட்டுக்குள்ளேயே கட்டுப்படுத்துவதை அடிப்படையாகக் கொண்டது. தயாரித்தவரின் ஆப் இல்லாமல் 11 இலக்க எண்ணையோ க்யூஆரையோ வைத்து வேறு மென்பொருளில் நேராகச் சேர்க்க முடியும். அந்த எண் பொருளின் மேலேயே ஒட்டியிருக்கும், சுவருக்குள் வைத்து மூடும் சுவிட்ச் மாட்யூல் என்றால் மாட்டும் முன் படம் எடுத்துவிடுங்கள். மேட்டர் என்றாலும் பிராண்டின் ஆப்பில் மட்டும் கிடைக்கும் வசதிகள் உண்டு, அவை நாளைக்கே லாகினுக்குப் பின்னால் போகலாம். அதனால் பொருள் வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், இணைய வயரைக் கழற்றி அதே ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துவிட்டு, தேறாததை அப்படியே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.